நைஹாஞ்சி ஷோடன் (டெக்கி ஷோடன்) கட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராத்தே கட்டாக்களில் (தனியாகச் செய்து பழகும், வரிசை மாறாத அசைவுத் தொடர்கள்) பார்ப்பதற்கு மிக எளிமையானதும் செய்வதற்கு மிகக் கடினமானதும் இதுதான். பாய்ச்சல் கிடையாது, உயரமான கிக் கிடையாது. ஒரே நேர்க்கோட்டில் வலமும் இடமும் நகர்வதோடு சரி. கீழே வரும் படிநிலைகள் ஷோட்டோகான் என்ற கராத்தே பள்ளியின் (பாணியின்) முறைப்படியானவை. மற்ற பள்ளிகளில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறோம்.

நைஹாஞ்சியும் டெக்கியும் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஒகினாவாவில் நைஹாஞ்சி, நைஃபாஞ்சி என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின், 1930-களில் பல கட்டாக்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டியபோது இதற்கு டெக்கி என்று பெயர் வைத்தார். ஷோட்டோகான் பள்ளிகளில் அந்தப் பெயரே நிலைத்தது. ஷோரின்-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ, இஷின்-ரியூ ஆகியவற்றில் பழைய பெயரே வழங்குகிறது.

பெயர் மாறியதோடு நிலையும் மாறியது. ஷோட்டோகானில் கால்களை அகலமாக வைத்துத் தாழ்ந்து நிற்கும் கிபா-டாச்சி. ஒகினாவா வழியில் அதைவிடக் குறுகலான, உயரமான நைஹாஞ்சி-டாச்சி. அசைவுகளின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை உருவாக்கியவர் யார்?

இந்தப் பெயரில் மூன்று கட்டாக்கள் உண்டு: ஷோடன், நிடன், சாண்டன். முதல் கட்டாவான ஷோடன், தனி ஒருவரின் படைப்பு என்று சொல்லத்தக்கதல்ல. ஒகினாவாவின் ஷுரி, தோமாரி ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பயிலப்பட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் வடிவங்களில் பெரும்பாலானவை இதோசு ஆங்கோ (1831–1915) வழியாக வந்தவை. 1901-இல் ஷுரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் கராத்தேயைப் பாடமாகக் கொண்டுவந்தவர் அவர். பிறகு 1905 முதல் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் ஃபுனகோஷி, சிபானா சோஷின், மபுனி கென்வா, மோட்டோபு சோகி என்று நீள்கிறார்கள். இவர்கள் தொடங்கிய பள்ளிகள் எல்லாவற்றிலும் நைஹாஞ்சி இருப்பது அதனால்தான்.

இதோசு 1900-களில் பினான் கட்டாக்கள் ஐந்தையும் அமைத்தார். அதற்கு முன்பு ஷுரி வழியில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது நைஹாஞ்சிதான். ஒகினாவாவின் ஷோரின்-ரியூ டோஜோக்கள் (பயிற்சிக்கூடங்கள்) பலவற்றில் இன்றும் அதே வரிசை. ஷோட்டோகானில் ஹெயான் (பினானுக்கு அங்கே வழங்கும் பெயர்) ஐந்தையும் முடித்த பிறகு, பெரும்பாலும் பிரவுன் பெல்ட் தேர்வின்போது வருகிறது. ஐந்து கட்டாக்களில் முன்னும் பின்னும் ஓடிப் பழகிய பிறகு இதற்கு வருகிறவர்களுக்கு இது சலிப்பாகத் தெரிவதற்கு இந்த வரிசை மாற்றமும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து. நிற்கக் கற்றுக்கொடுக்கும் கட்டா இது. அது முதலில் வருவதே பொருத்தம்.

ஃபுனகோஷி இதற்கே பத்து ஆண்டுகள் செலவிட்டார் என்கிறார்களே?

மூன்று டெக்கி கட்டாக்களுக்கும் சேர்த்துப் பத்து ஆண்டுகள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டுகளுக்குமேல். அந்தக் காலத்தில் ஒரு கட்டா ஆசிரியருக்குத் திருப்தி அளிக்கும்வரை அடுத்ததைக் கொடுக்க மாட்டார்கள். அசைவுகளின் வரிசையை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். இடுப்பு நகராமல் காலைத் தூக்குவது, தோள் உயராமல் முழங்கையைக் கொண்டுவருவது போன்றவற்றுக்குத்தான் ஆண்டுகள் தேவைப்படும்.

மோட்டோபு சோகிக்கு இந்த ஒரே ஒரு கட்டாதான் தெரியுமா?

அடிக்கடி சொல்லப்படும் தவறான செய்தி இது. மோட்டோபு (1870–1944) பஸ்ஸாய், ஷிரோகுமா போன்றவற்றையும் அறிந்தவர், கற்பித்தவர். ஆனால் நைஹாஞ்சிக்கு அவர் கொடுத்த இடம் தனி. 1932-இல் வெளிவந்த தம் நூலில் இதன் நிலைகளைப் படங்களோடு விளக்கினார். 1920-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவரை அவர் வீழ்த்திய செய்தியை 1925-இல் 'கிங்கு' என்ற இதழ் வெளியிட்டபோதுதான் ஜப்பான் முழுவதும் அவர் பெயர் பரவியது. அப்போட்டியின்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நைஹாஞ்சியில் நிற்கும்போது இடுப்பும் காலும் இருக்கும் விதமே கராத்தேயின் அடிப்படை, அந்த நிலையை வலமோ இடமோ சற்றுத் திருப்பினால் அதுவே சண்டைக்கான நிலை என்பது அவர் போதனை. செய்து பாருங்கள். நைஹாஞ்சி-டாச்சியில் நின்று, பாதங்களை அதே இடத்தில் வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் 45 பாகை திருப்பினால், எதிராளியை நோக்கி அடிக்கத் தயாரான நிலை கிடைத்துவிடும். கட்டா பக்கவாட்டில் போகிறதே, இதை எப்படிச் சண்டையில் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு இதுவே பதில்.

சுவரில் முதுகைச் சாய்த்தபடி, அல்லது படகில், வரப்பில் சண்டையிடுவதற்கான கட்டா என்பது உண்மையா?

நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சுவரில் முதுகு ஒட்டியிருந்தால் முழங்கையால் அடிக்கும்போது உடலை முறுக்க இடமிருக்காது. படகில் காலை உயர்த்தி மிதிப்பவர் முதலில் விழுவார். குதிரை மேல் சண்டை என்ற விளக்கத்துக்குக் காலை மாற்றிக் கடக்கும் அசைவே எதிராக நிற்கிறது.

முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்தால் உடல் எடையின் ஓட்டத்திலேயே அடிக்கு வேகம் கிடைத்துவிடும். நைஹாஞ்சி அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. கால் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பும் முதுகும் மட்டும் சேர்ந்து விசையை உண்டாக்க வேண்டியிருக்கிறது. கைகலப்பு தூரத்தில், அதாவது எதிராளி சட்டையைப் பிடித்துவிட்ட தூரத்தில், அடியெடுத்து வைக்க இடமே இருக்காது. அந்தத் தூரத்துக்கான உடல் பயிற்சியாகப் பார்த்தால் கட்டாவின் ஒவ்வோர் அசைவும் பொருந்துகிறது.

கால்களை எவ்வளவு அகலமாக வைக்க வேண்டும்?

ஷோட்டோகான் கிபா-டாச்சியில் தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. சராசரி உயரம் உள்ளவருக்கு இரண்டு பாதங்களுக்கும் இடையே சுமார் 80 செ.மீ. வரும். பாதங்களின் வெளி ஓரம் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; அப்போது கட்டைவிரல்கள் மிகச் சிறிதளவு உள்நோக்கித் திரும்பியதுபோலத் தோன்றும். முழங்கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே. எடை இரண்டு கால்களிலும் சரிபாதி.

ஒகினாவா வழி நைஹாஞ்சி-டாச்சி இதைவிடக் குறுகல். விரல்களை உள்நோக்கித் திருப்பி வைப்பவர்களும் உண்டு. குறுகலாக நின்றால் இடுப்பு எளிதாகத் திரும்பும். அகலமாக நின்றால் தொடை வலுப்படும், ஆனால் இடுப்பின் திருப்பம் குறையும்.

சரிபார்க்க ஒரு வழி: நின்றபடி ஒருவரை உங்கள் தோளைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். பிறகு முன்னாலிருந்து மார்பைத் தள்ளச் சொல்லுங்கள். பக்கவாட்டுத் தள்ளலுக்கு அசையக் கூடாது. முன்னாலிருந்து தள்ளினால் எவரும் சற்று அசையத்தான் செய்வார்கள், அது நிலையின் இயல்பு. ஆனால் லேசான தொடுகைக்கே பின்னால் சாய்கிறீர்கள் என்றால் எடை குதிகாலுக்குப் போய்விட்டது, பின்புறம் வெளியே தள்ளியிருக்கிறது என்று பொருள். இடுப்பெலும்பின் அடிப்பகுதியைச் சற்று முன்னால் மடக்கி, முதுகை நேராக்கினால் சரியாகும்.

முழங்கால் வலிக்கிறது. நிலை தவறா?

பெரும்பாலும் தவறுதான். வழக்கமான காரணம், பாதம் வெளியே திரும்பியிருக்க, முழங்கால் உள்ளே சரிவது. அப்போது முழங்கால் மூட்டு முறுக்கப்படுகிறது, உட்பக்கம் வலிக்கும். முழங்காலைப் பாதத்தின் திசையிலேயே வெளிநோக்கித் தள்ளிப் பிடியுங்கள். தொடையின் உட்பக்கமும் பிட்டமும் வேலை செய்வது தெரிய வேண்டும்.

சில்லுக்கு அடியில் வலித்தால், தாங்கும் வலு இல்லாமல் அளவுக்கு மீறித் தாழ்ந்து நிற்கிறீர்கள் என்று பொருள். ஒரு கை அகலம் உயர்ந்து நின்று பயிலுங்கள். தொடைத் தசை எரிவது இயல்பு, மூட்டு வலிப்பது இயல்பல்ல. வீக்கமோ, மூட்டு மடங்காமல் பிடித்துக்கொள்வதோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டாவின் படிகளை வரிசையாகச் சொல்ல முடியுமா?

எண்ணிக்கை 29. முதல் 15 ஒரு பாதி, மீதி 14 அதன் கண்ணாடிப் பிம்பம்.

தொடக்கம்: பாதங்களைச் சேர்த்து நின்று, விரித்த கைகளை அடிவயிற்றுக்குக் கீழே, இடக்கை மேலாக வைக்கவும். பார்வை நேரே.

1. தலையை வலப்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கியபடி இடது காலை வலது காலுக்கு முன்னால் கடத்தி வைக்கவும்.
2. வலது முழங்காலை உயர்த்தி வலப்பக்கம் மிதித்துக் கிபா-டாச்சி. அதே நேரம் வலக்கை ஹைஷு-உகே, அதாவது விரித்த புறங்கையால் மார்பு உயரத்தில் வலப்பக்கம். இட முஷ்டி இடுப்பில்.
3. கால்கள் அசையாமல் மேலுடலை வலப்பக்கம் முறுக்கி, இட முழங்கையால் வலது உள்ளங்கையில் அடி.
4. தலையை இடப்பக்கம் திருப்பி, இரு முஷ்டிகளையும் வல இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவரவும். கீழே வலது, மேலே இடது. இதுதான் கோஷி-கமாயே.
5. இடக்கையால் இடப்பக்கம் கெடான்-பராய் (கீழ்த் தடுப்பு).
6. வலக்கை காகி-சுகி: முழங்கையை மடக்கி மார்புக்குக் குறுக்கே இடப்பக்கமாக விடும் குத்து.
7. வலது காலை இடது காலுக்கு முன்னால் கடத்தி வைக்கவும்.
8. இடக்காலை உயர்த்தி இடப்பக்கம் மிதித்துக் கிபா-டாச்சி. பார்வை நேரே. வலக்கை உச்சி-உகே (முன்கையால் உள்ளிருந்து வெளியே தடுப்பு).
9. இடக்கையை முகத்தருகே துடைப்பதுபோல் கொண்டுவந்து, அதே நேரம் வலக்கையால் கீழே தடுத்து, உடனே இட முஷ்டியின் பின்புறத்தால் முகத்துக்கு அடி. வல முன்கை இட முழங்கைக்கு அடியில் கிடையாக.
10. தலை இடப்பக்கம். இடக்கால் நாமி-கயேஷி: உள்ளங்காலை வலது தொடையின் முன்னால்வரை சுண்டித் தூக்கி அதே இடத்தில் இறக்கவும்.
11. இறங்கும்போதே மேலுடலை இடப்பக்கம் திருப்பி இட முன்கையால் தடுப்பு.
12. தலை வலப்பக்கம். வலக்கால் நாமி-கயேஷி.
13. மேலுடலை வலப்பக்கம் திருப்பி, அதே இடக்கையால் தடுப்பு.
14. தலை இடப்பக்கம். முஷ்டிகள் வல இடுப்பில், கோஷி-கமாயே.
15. இடக்கை நேராகவும் வலக்கை காகி-சுகியாகவும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் குத்து. கியாய் (உரத்த முழக்கம்).

16-இல் இடக்கையை விரித்து, மெதுவாக இடப்பக்கம் ஹைஷு-உகே. அங்கிருந்து 3 முதல் 15 வரை உள்ள எல்லாமே கை, கால், திசை மாறி வரும். 21-இல் இடக்கால் வலது காலைக் கடக்கும், 29-இல் வலப்பக்கம் இரட்டைக் குத்தும் கியாயும். பிறகு வலது காலை இடது காலுடன் சேர்த்து, கைகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து முடிக்கவும்.

இயல்பான வேகத்தில் முழுக் கட்டாவுக்கும் சுமார் 50 வினாடி ஆகும். முப்பது வினாடிக்குள் முடிந்தால் இடுப்பு வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை என்று பொருள்.

காலைக் கடத்தும்போது உயரம் ஏறி இறங்குகிறது. எப்படித் தடுப்பது?

நிற்கும் கால் நீள்வதால்தான் தலை ஏறுகிறது. கடக்கும் காலைத் தூக்குவதற்குமுன் நிற்கும் முழங்காலை ஒரு விரல் அளவு இன்னும் மடக்குங்கள். கடக்கும் கால் தரையை உரசும் அளவுக்குத் தாழ்வாகவே போகட்டும். பாதம் மற்றப் பாதத்துக்கு அடுத்து, சுண்டுவிரலை ஒட்டி இறங்க வேண்டும். வெகுதூரம் தாண்டி வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு தூண்களுக்கு நடுவே, கிபா-டாச்சியில் நிற்கும்போது உச்சந்தலையை லேசாக உரசும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் கீழே 1, 2, 7, 8 ஆகிய நான்கு அசைவுகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கயிறு நெற்றியில் தட்டும் ஒவ்வொரு முறையும் தவறு தானாகத் தெரிந்துவிடும்.

மிதிக்கும்போது சத்தம் வர வேண்டுமா?

வேண்டாம். நம் ஊரில் பலர் சிமெண்ட் மொட்டை மாடியிலும் மொசைக் தரையிலும் பயில்கிறார்கள். அங்கே குதிகாலால் ஓங்கி மிதித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் போகும். முழுப் பாதமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், இறங்கும் கணத்தில் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். மரத்தளத்தில் சரியாக மிதித்தால் தாழ்ந்த ஒரு சத்தம் கேட்கும். 'டப்' என்று கூர்மையாகக் கேட்டால் எடை உடலோடு இறங்கவில்லை, கால் மட்டும் இறங்கியிருக்கிறது.

ஒகினாவா வழியில் முழங்காலை இவ்வளவு உயர்த்த மாட்டார்கள். உயர்த்துவதன் நோக்கம் எதிராளியின் முழங்காலையோ கணுக்காலையோ பக்கவாட்டில் மிதிப்பது என்று கொண்டால் இரண்டுமே பொருந்தும்.

முழங்கையால் அடிப்பதில் (படி 3) என்ன தவறு நடக்கிறது?

மூன்று. முதலாவது, உள்ளங்கையை முழங்கையை நோக்கிக் கொண்டுவருவது. நீட்டிய கை எதிராளியின் தலை இருக்கும் இடம். அது அங்கேயே நிற்க வேண்டும், முழங்கைதான் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, தோள் காதருகே ஏறுவது. முன்கை மார்பு உயரத்தில் கிடையாக இருக்கட்டும். மூன்றாவதுதான் மோசமானது: மேலுடல் முறுக்கும்போது எதிர்ப்பக்க முழங்கால் உள்ளே விழுந்துவிடுகிறது. வலப்பக்கம் முறுக்கினால் இடது முழங்கால் விழும். இடுப்பிலிருந்து மேலே மட்டும் திரும்புகிறதா என்று பார்க்க, யாரையாவது பின்னாலிருந்து உங்கள் இடது முழங்காலின் உட்பக்கத்தில் கைவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் அழுத்தம் கூடினால் முழங்கால் சரிகிறது.

நாமி-கயேஷி செய்யும்போது உடல் ஆடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கட்டாவின் மிகக் கடினமான அசைவு இதுவே.

அகலமாக நிற்கும்போது உடலின் எடை மையம் இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு காலைத் தூக்கிய கணத்திலிருந்து உடல் அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பெரும்பாலோர் முதலில் எடையை நிற்கும் காலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு காலைத் தூக்குகிறார்கள். அப்போது தலை ஒரு சாண் நகர்கிறது. எதிராளிக்கு அதுவே முன்னறிவிப்பு.

சரியான முறையில் எடையை மாற்றாமலே பாதம் சுண்டிப் போய், சாய்வு உருவாகும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். வேகம் கூடினால்தான் சமநிலை கிடைக்கும். மெதுவாகச் செய்து சரியாக்க முடியாத அரிதான அசைவுகளில் இது ஒன்று. ஆகவே உயரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் மற்ற முழங்கால் உயரம் வரை மட்டும். தலை அசையாமல் வந்த பிறகு உயர்த்துங்கள். கண்ணாடியில் உச்சந்தலைக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு ஒட்டிவைத்துப் பயின்றால் நகர்வது தெரியும்.

இன்னொன்று: முழங்காலை மேலே இழுக்காதீர்கள், பாதத்தை உள்ளே வீசுங்கள். முழங்காலை இழுத்தால் இடுப்பின் ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும்.

காகி-சுகியும் கோஷி-கமாயேயும் ஏன் தளர்வாகத் தெரிகின்றன?

காகி-சுகியில் முன்கை மார்புக்கு இணையாக, ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். முழங்கை செங்கோணத்துக்கு அருகில் மடங்கியிருக்கும். முஷ்டி மறுபக்க விலாவைத் தாண்டிப் போகக்கூடாது. தாண்டினால் தோள் முன்னே வந்து, முதுகுத் தசையின் பிடிப்பு போய்விடும். அக்குளை இறுக்கி வைத்தபடி செய்தால் தளர்வு நீங்கும்.

கோஷி-கமாயேயை வெறும் தயார் நிலையாக நினைப்பதால்தான் அது தளர்கிறது. எதிராளியின் கையைப் பற்றி இடுப்புக்கு இழுக்கும் செயல் அது. நண்பர் ஒருவரின் மணிக்கட்டை உண்மையாகவே பிடித்து இழுத்துப் பத்து முறை செய்துவிட்டு, பிறகு தனியாகச் செய்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

தலையைத் திருப்புவதில் இவ்வளவு கண்டிப்பு ஏன்?

தலை முதலில், கை பிறகு. இரண்டும் சேர்ந்து திரும்பினால் தோளும் இடுப்பும் கூடவே திரும்பிவிடும். பக்கத்தில் எவ்வளவு முறுக்கினோம் என்ற கணக்கே இல்லாமல் போகும். தாடையைத் தாழ்த்தி, கழுத்தை மட்டும் முழுதாகத் திருப்புங்கள். கடைக்கண்ணால் பார்த்தால் போதாது.

நடைமுறையில் இந்த அசைவுகள் எதற்கு?

கற்பிப்பவருக்கேற்ப விளக்கங்கள் மாறும். உடலமைப்புக்குப் பொருந்துவதாக நாங்கள் கருதும் சில:

2-ம் 3-ம் சேர்ந்து: எதிராளியின் கையை ஒதுக்கி, அதே கையால் அவர் பிடரியைப் பற்றி, முழங்கையை நோக்கித் தலையை இழுத்து அடிப்பது.

4 முதல் 6 வரை: பற்றிய கையை இடுப்புக்கு இழுத்து, அதன் முழங்கை மூட்டின்மேல் முன்கையால் அழுத்தி, குனிந்தவரின் தாடையிலோ விலாவிலோ குத்துவது. கெடான்-பராய் இங்கே தடுப்பாக இல்லை, நெம்புகோலாக இருக்கிறது.

9: இரு கைகளும் சேர்ந்து வேலை செய்வது. ஒரு கை எதிராளியின் கையைக் கீழே அழுத்த, மறுகை அதே கணத்தில் முகத்தை அடிக்கிறது. முழங்கைக்கு அடியில் இருக்கும் கை சும்மா இல்லை. அடித்த கை தடுக்கப்பட்டால் உடனே அதுவே வெளிவரும். கணவனும் மனைவியும்போல் இரு கைகளும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்ற பொருளில் மோட்டோபு இதை மெஓதோ-தே என்று அழைத்தார்.

10 முதல் 13 வரை: எதிராளியைப் பற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய முழங்காலின் உட்பக்கத்தையோ தொடையையோ உதைத்து, அவர் நிலைகுலைந்ததும் மேலுடலைத் திருப்பி வீழ்த்துவது. காலைப் பெருக்கித் தட்ட வருபவரிடமிருந்து காலைத் தூக்கித் தப்புவது என்ற விளக்கமும் உண்டு.

இவற்றைத் துணையோடு செய்யும்போது முழங்கால் உதையையும் முழங்கை நெம்புதலையும் தொட்டு நிறுத்துங்கள். முழங்கை மூட்டுக்கு அழுத்தம் கொடுக்கும்போது துணைவர் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும்.

முடிக்கும்போது தொடங்கிய இடத்தில் இல்லை. எங்கே தவறு?

ஷோட்டோகான் படிவரிசையில் இதற்குத் துல்லியமான ஒரு சோதனை உண்டு. முதல் அசைவில் இடது பாதம் இறங்கும் இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். 2-இல் வலது பாதம் இறங்கும் இடத்தில் இன்னொன்று. 21-இல் இடது பாதம் முதல் டேப்பின் மேலும், 22-இல் வலது பாதம் இரண்டாம் டேப்பின் மேலும் இறங்க வேண்டும்.

முதல் டேப் தவறினால், இரண்டு கடப்புகளின் அளவும் வேறு வேறு, அல்லது நாமி-கயேஷி முடிந்து கால் பழைய இடத்தில் இறங்கவில்லை. பொதுவாக இரண்டாவது காரணம்தான். கால் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அளவு உள்ளே இறங்கி, நிலை குறுகிக்கொண்டே வரும். முதல் டேப் சரியாக இருந்து இரண்டாவது தவறினால், நிலையின் அகலம் இரண்டு பாதிகளிலும் ஒன்றாக இல்லை. களைப்பில் இரண்டாம் பாதியில் குறுகுவதே வழக்கம்.

கட்டா முழுவதற்கும் அகலத்தில் மூன்று மீட்டர் இடம் போதும். சிறிய அறையிலும் பயிலலாம்.

நிடன், சாண்டன் கட்டாக்களை எப்போது தொடங்கலாம்?

டெக்கி நிடனில் 24 அசைவுகள், சாண்டனில் 36. இவ்விரண்டையும் அமைத்தவர் இதோசு என்று பலர் கருதுகிறார்கள். வாடோ-ரியூவை நிறுவிய ஒட்சுகா ஹிரோனோரி, ஃபுனகோஷியிடமும் மோட்டோபுவிடமும் பயின்றவர்; அவர் தம் பாடத்தில் முதல் நைஹாஞ்சியை மட்டுமே வைத்துக்கொண்டார். நிடனில் பற்றி இழுக்கும் அசைவுகள் கூடுதல், சாண்டனில் கைகளின் தொடர் அசைவுகள் கூடுதல். நாமி-கயேஷியில் தலை ஆடாமல் நிற்கும்வரை ஷோடனிலேயே இருங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு பயில வேண்டும்?

முழுக் கட்டாவை இருபது முறை செய்வதைவிட, முதலில் கிபா-டாச்சியில் 30 வினாடி வீதம் மூன்று முறை நின்றுவிட்டு, ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பத்து முறை, கடைசியில் முழுக் கட்டா மூன்று முறை என்று செய்வது பயன் தரும். இருபது நிமிடம் போதும், வாரத்தில் நான்கு நாள். நிற்கும் நேரத்தை மாதந்தோறும் கூட்டி இரண்டு நிமிடம் வரை கொண்டுபோகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். மூக்கு வழியாக இயல்பாக மூச்சு ஓடட்டும், குத்தும்போது மட்டும் சுருக்கமாக வெளிவிடுங்கள்.

மாஸ்டர் சொல்வதும் வீடியோவில் பார்ப்பதும் வேறு வேறாக இருக்கின்றன. எதைப் பின்பற்றுவது?

முதலில் வீடியோ எந்தப் பள்ளியினுடையது என்று பாருங்கள். இஷின்-ரியூவில் கட்டா இடப்பக்கம் தொடங்கும். ஷோரின்-ரியூவில் நிலை உயரமாக இருக்கும், முழங்கால் அவ்வளவு ஏறாது. வாடோவில் இரட்டைக் குத்தின் தோற்றமும் இடுப்பின் அசைவும் வேறு. இவை எதுவும் தவறல்ல, ஆனால் ஒரே கட்டாவுக்குள் கலக்கக்கூடாது. பெல்ட் தேர்வுக்கு உங்கள் டோஜோவின் வடிவத்தையே செய்யுங்கள். மற்ற வடிவத்தைத் தனியாக, வேறு நாளில் பயின்றால், குறுகிய நிலையில் இடுப்பு எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்பதை உணர்ந்து, அந்த உணர்வை அகன்ற நிலைக்குக் கொண்டுவரலாம். ஷோட்டோகான் மாணவர்களுக்கு நாங்கள் இதைத் தயங்காமல் சொல்வோம்: மாதத்தில் ஒரு நாளாவது உயரமாக, குறுகலாக நின்று முழுக் கட்டாவையும் செய்து பாருங்கள்.